பிச்சாவரம், கிள்ளை, பரங்கிப்பேட்டை: எங்கே தங்குவது, என்ன சாப்பிடுவது, எந்தப் படகில் ஏறுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்த ஊர் சிதம்பரம் என்று சொன்னால் போதும், அடுத்த கேள்வி பிச்சாவரத்தைப் பற்றித்தான் வரும். நண்பர்கள், நண்பர்களின் உறவினர்கள், அலுவலகத்தில் கூட வேலை பார்ப்பவர்கள் என்று பல வருடங்களாகக் கேட்டவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். படகுக் கட்டணம், அறை வாடகை போன்றவை அடிக்கடி மாறுவதால் அவற்றைக் குறிப்பிடவில்லை.

பிச்சாவரம் எங்கே இருக்கிறது? எப்படிப் போவது?

கடலூர் மாவட்டத்தில், சிதம்பரத்துக்குக் கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர். வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இரண்டும் கடலில் சேரும் இடங்களுக்கு நடுவில் உப்பங்கழியும் அலையாத்திக் (மாங்குரோவ்) காடுமாக விரிந்து கிடக்கிறது. வழியில் வரும் சிறிய ஊர் கிள்ளை. வெள்ளாற்றின் முகத்துவாரத்தில் இருப்பது பரங்கிப்பேட்டை. இந்த மூன்றையும் ஒரே பயணமாக வைத்துக்கொள்ளலாம்.

ரயிலோ பஸ்ஸோ, சிதம்பரத்தில் இறங்குவதுதான் வசதி. சென்னை எழும்பூரிலிருந்து சோழன் எக்ஸ்பிரஸ் காலையில் கிளம்பி மதியவாக்கில் சிதம்பரம் வந்து சேரும். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் கிள்ளை வழியாக முக்கால் மணி நேரம் பிடிக்கும். நான்கு பேர் என்றால் ஆட்டோ பேசிக்கொள்ளலாம். போக வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து முன்பே பேசிவிடுங்கள். திரும்பும்போது படகுத்துறையில் ஆட்டோ கிடைப்பது நிச்சயமில்லை.

மோட்டார் படகா, துடுப்புப் படகா?

துடுப்புப் படகு. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

மோட்டார் படகு அகலமான வாய்க்காலில்தான் போக முடியும். அங்கே மரங்கள் இரண்டு பக்கமும் தள்ளி நிற்கும். சத்தம் கேட்டுப் பறவைகள் முன்பே பறந்துவிடும். போய்த் திரும்பி வந்தால் ஏதோ ஏரியில் சுற்றிய மாதிரி இருக்கும். நான் சின்ன வயதில் முதன்முதலாகப் போனது அப்படித்தான், அதுவும் மே மாத நண்பகலில். வெயில் மண்டையைப் பிளந்தது. கொண்டுபோன தண்ணீர் பாதி வழியிலேயே தீர்ந்துபோனது. இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டே திரும்பினோம்.

அப்புறம் பல வருடம் கழித்து ஒரு தை மாதக் காலையில் துடுப்புப் படகில் போனபோதுதான் பிச்சாவரம் என்றால் என்னவென்று தெரிந்தது. படகோட்டி பெரிய வாய்க்காலை விட்டு ஒரு சின்ன ஓடைக்குள் படகைத் திருப்பினார். இரண்டு பக்கத்துக் கிளைகளும் தலைக்கு மேலே பின்னிக்கொண்டு குடை பிடித்தன. துடுப்பை வைத்துவிட்டு வேர்களைக் கையால் பிடித்துத் தள்ளியே படகை உள்ளே கொண்டுபோனார். வேரில் ஒட்டியிருந்த சின்னச் சின்ன நண்டுகள் எங்களைப் பார்த்ததும் சுற்றி மறைந்தன. சேற்றில் ஏதோ உயிர் சொடக்குப் போடுகிற மாதிரி ஒரு சத்தம். பத்து நிமிடம் படகில் இருந்த ஆறு பேரில் யாரும் பேசவில்லை. இதை மோட்டார் படகில் யாராலும் காட்ட முடியாது.

ஏறுவதற்கு முன் இரண்டு விஷயம் பேசிக்கொள்ளுங்கள்: எவ்வளவு நேரம், குறுகலான ஓடைகளுக்குள் போவோமா. தண்ணீருக்குள் போன பிறகு பேசுவது இரண்டு பக்கத்துக்கும் சங்கடம். நேரத்தைக் கூடுதலாகவே எடுங்கள். ஒரு மணி நேரத்தில் பாதி போகவும் வரவுமே சரியாக இருக்கும்.

எத்தனை மணிக்குப் போக வேண்டும்?

காலையில் படகுத்துறை கவுன்ட்டர் திறக்கும்போதே அங்கே நில்லுங்கள். வெயில் ஏறியிருக்காது, தண்ணீர் அசையாமல் இருக்கும், மரத்தின் நிழல் அப்படியே கீழே விழும். பதினோரு மணிக்கு மேல் சுற்றுலா பஸ்கள் வந்துவிடும். ஞாயிறும் பொங்கல் விடுமுறையும் தவிர்க்க வேண்டிய நாட்கள். காணும் பொங்கலன்று இந்தப் பக்கத்து ஜனம் முழுக்க அங்கேதான் இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. இது கடலோடு சேர்ந்த தண்ணீர். ஏற்றம் வற்றம் இரண்டும் இங்கே உண்டு. அலைமட்டம் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்குள்தான் என்றாலும், ஆழமில்லாத ஓடைகளுக்கு அது பெரிய வித்தியாசம். தண்ணீர் நன்றாக வற்றியிருந்தால் சில ஓடைகளுக்குள் படகு நுழையாது. அன்றைக்கு எந்த நேரத்தில் தண்ணீர் ஏறும் என்று படகோட்டிகளுக்கு விரல்நுனியில் தெரியும். முடிந்தால் முந்தைய நாள் மாலையே போய் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள். இரவு தங்கும்படி திட்டம் போடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நானே துடுப்பு போட முடியுமா? என் கயாக்கைக் கொண்டு வரலாமா?

வழக்கமாகத் துடுப்புப் போடுவது படகோட்டிதான். தெரிந்தவர் என்றால் அகலமான இடத்தில் கொஞ்ச நேரம் உங்கள் கையில் கொடுப்பார், கேட்டுப் பாருங்கள். சொந்தப் படகைக் கொண்டுவந்து இறக்குவது வேறு விஷயம். இது காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது. அனுமதி ஒரு பக்கம் இருக்கட்டும், ஐம்பதுக்கும் மேற்பட்ட திட்டுகளுக்கு நடுவில் வாய்க்கால்கள் கிளை கிளையாகப் பிரிகின்றன, எல்லாமே ஒரே மாதிரி தெரியும். வழி தெரியாமல் உள்ளே போய், தண்ணீரும் வற்றிவிட்டால், சேற்றில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

தானே நின்று துடுப்பு வலிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள கோவளம் போங்கள். அங்கே அலைச்சறுக்கு கற்றுத் தருபவர்களே நின்றபடி துடுப்பு வலிக்கும் பலகையிலும் பயிற்சி தருகிறார்கள்.

எந்த மாதம் நல்லது?

ஜனவரி, பிப்ரவரி. மழை ஓய்ந்து, காற்று குளிர்ந்து, வலசை வந்த பறவைகளும் இருக்கும். நாரை, கொக்கு, நீர்க்காகம், மீன்கொத்தி, சேற்றில் ஓடும் உள்ளான் கூட்டம் என்று பைனாகுலர் இல்லாமலே பார்க்கலாம். இருந்தால் கொண்டு வாருங்கள். அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. புயல் எச்சரிக்கை வந்தால் படகு ஓடாது. மே மாதத்தைப் பற்றி மேலேயே சொல்லிவிட்டேன்.

எங்கே தங்குவது?

படகுத்துறையை ஒட்டியே தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் அறிஞர் அண்ணா சுற்றுலா வளாகம் இருக்கிறது. அங்கே அறை கிடைத்தால் காலையில் எழுந்து நடந்தே படகுக்குப் போய்விடலாம். ஆனால் அறை இருக்கும் என்று நம்பி நேராகப் போய் நிற்காதீர்கள். முன்பே பேசி உறுதி செய்துகொள்ளுங்கள்.

இல்லையென்றால் சிதம்பரம்தான். கிள்ளையிலும் பரங்கிப்பேட்டையிலும் வெளியூர்க்காரர்கள் குடும்பத்தோடு தங்குவதற்கு அதிக இடமில்லை. சிதம்பரத்தில் பஸ் நிலையத்தைச் சுற்றியும் கோயிலின் நான்கு வீதிகளிலும் சாதாரண லாட்ஜ் முதல் ஏசி ஹோட்டல் வரை உண்டு. என்னைக் கேட்டால் கீழ வீதி, தெற்கு வீதிப் பக்கம் பாருங்கள். மாலையில் கோயிலுக்கு நடந்தே போகலாம், சாப்பாட்டுக்கும் அலைய வேண்டாம்.

சில நாட்களில் மட்டும் ஊரில் அறையே கிடைக்காது: மார்கழித் திருவாதிரை, ஆனித் திருமஞ்சனம், சிவராத்திரியை ஒட்டி 1981 முதல் நடந்துவரும் நாட்டியாஞ்சலி நடன விழா. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டமளிப்பு விழா என்றாலும் இதே கதைதான்.

என்ன சாப்பிடலாம்?

முதலில் சிதம்பரம் கொத்சு. கத்தரிக்காயைச் சுட்டோ வதக்கியோ மசித்து, புளிவிட்டு, வறுத்து அரைத்த பொடி போட்டுச் செய்வது. நடராஜர் கோயிலில் சம்பா சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள இதுதான் ஜோடி. சம்பா சாதம் என்றால் மிளகும் சீரகமும் பொடித்து நெய்யில் கலந்த சாதம். சில ஹோட்டல்களில் காலையில் இட்லிக்கும் கொத்சு தருவார்கள். கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். சாம்பாரிலேயே கத்தரிக்காயைக் கூடுதலாகப் போட்டுக் கொத்சு என்று பெயர் வைப்பதும் நடக்கிறது. புளிப்பும் காரமும் நல்லெண்ணெய் வாசமும் சேர்ந்து வந்தால்தான் அது கொத்சு.

மீனுக்கு உப்பங்கழிப் பக்கம் போக வேண்டும். இங்கே பிடிபடும் இறாலுக்கும் சேற்று நண்டுக்கும் தனி ருசி. கொடுவாவும் மடவையும் கழிமுகத் தண்ணீரில் வளர்ந்தவை. சதையில் கடல் மீனின் முரட்டுத்தனம் இருக்காது. மடவை குழம்புக்கு, கொடுவா வறுவலுக்கு. கிள்ளைக்குப் பக்கத்தில் முடசல் ஓடையும், பரங்கிப்பேட்டையை ஒட்டி அன்னங்கோயிலும் மீன் இறங்கும் இடங்கள். காலையில் போனால் ஏலம் நடப்பதைப் பார்க்கலாம். ஓரமாக நின்று பாருங்கள், அவர்களுக்கு அது வேலை நேரம். சமைக்க வசதி இருப்பவர்கள் ஐஸ் பெட்டியோடு வந்து வாங்கிப் போகலாம்.

ஒரு விஷயம் நினைவில் இருக்கட்டும். ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன் முட்டையிடும் பருவம் என்பதால் அந்த ஏற்பாடு. அப்போது நாட்டுப்படகு மீனும் கழிமுக மீனும்தான் வரும், விலையும் ஏறியிருக்கும். அந்த நேரத்தில் வஞ்சிரம் வேண்டும் என்று ஹோட்டலில் அடம்பிடித்தால் ஐஸில் நாள் கணக்கில் கிடந்த மீன்தான் தட்டுக்கு வரும். இன்றைக்கு வந்த மீன் எது என்று கேளுங்கள், அதைச் சாப்பிடுங்கள்.

பரங்கிப்பேட்டையில் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் நிறைய. நெய்ச்சோறு, தால்சா, இறைச்சிக் குழம்பு என்று அந்தச் சமையல் முறையின் முழு ருசி கல்யாண வீட்டில்தான் கிடைக்கும். யாராவது அழைத்தால் தயங்காமல் போய்விடுங்கள். கடைகளில் மதிய பிரியாணி சீக்கிரம் தீர்ந்துவிடும்.

பிச்சாவரம் உலகின் இரண்டாவது பெரிய அலையாத்திக் காடு என்கிறார்களே?

இல்லை. எங்கள் ஊர்ப் பெருமை என்பதால் எனக்கும் சொல்ல ஆசைதான், ஆனால் உண்மை அது இல்லை. பிச்சாவரம் ஏறக்குறைய 1,100 ஹெக்டேர். தமிழ்நாட்டிலேயே முத்துப்பேட்டைக் காடு இதைவிடப் பெரியது. வங்கத்தின் சுந்தரவனம் அளவில் எங்கேயோ இருக்கிறது. 2022-இல் ராம்சர் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவிக்கப்பட்டபோது, காட்டையும் நீர்ப்பரப்பையும் சேர்த்துச் சுமார் 1,479 ஹெக்டேர் கணக்கில் வந்தது. பிச்சாவரத்தின் சிறப்பு அளவில் இல்லை. படகில் உட்கார்ந்தபடியே ஒரு அலையாத்திக் காட்டின் உள்ளே போய், வேரைத் தொடும் தூரத்தில் பார்க்க முடிகிறதே, அதுதான்.

உள்ளே என்ன மரங்கள்? எதைப் பார்த்தால் எது என்று தெரியும்?

ஓடையின் இரண்டு கரையிலும் காலை விரித்து நிற்கிற மாதிரி வளைந்த வேர்களோடு இருப்பது சுரபுன்னை. முருங்கைக்காய் மாதிரி நீளமாகத் தொங்குவது காய் இல்லை, நாற்று. விதை மரத்திலேயே முளைத்து, வளர்ந்து, கீழே விழுந்து சேற்றில் வேர் பிடிக்கும். கொஞ்சம் உள்ளே தள்ளி, தரையிலிருந்து பென்சில் நட்டுவைத்த மாதிரி ஆயிரக்கணக்கில் குச்சிகள் தெரிந்தால் அது வெண்கண்டலின் மூச்சு வேர். சேற்றுக்குள் காற்று இல்லாததால் வேர் மேலே வந்து சுவாசிக்கிறது. அதன் இலையைத் தொட்டு நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். உறிஞ்சிய உப்பை மரம் இலை வழியாக வெளியேற்றுகிறது.

தில்லை மரத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்தது இந்த மரத்தால்தான். கோயிலின் தலவிருட்சமும் இதுவே. ஊரில் இன்று தில்லைவனம் இல்லை. அந்த மரத்தைக் கூட்டமாகப் பார்க்க இங்கேதான் வர வேண்டும். பார்ப்பதோடு சரி, கிளையை ஒடிக்காதீர்கள். அதன் பால் தோலில் பட்டால் புண்ணாகும், கண்ணில் பட்டால் ஆபத்து.

சுனாமியின்போது இந்தக் காடு ஊரைக் காப்பாற்றியது உண்மையா?

2004 டிசம்பர் 26 இந்தப் பகுதியில் யாருக்கும் மறக்காது. மணல் திட்டில் கடலைப் பார்த்து இருந்த எம்.ஜி.ஆர். திட்டு போன்ற குடியிருப்புகள் அழிந்துபோயின. காட்டுக்குப் பின்னால் இருந்த கிராமங்களில் சேதம் குறைவு. பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மையத்து ஆய்வாளர்கள் கதிரேசனும் ராஜேந்திரனும் இந்தக் கரையில் 18 மீனவர் குடியிருப்புகளை ஆராய்ந்து 2005-இல் இதை எழுதினார்கள். காடு மட்டும் காரணமில்லை, கடலிலிருந்து இருந்த தூரமும் நிலத்தின் உயரமும் சேர்ந்துதான் காப்பாற்றின என்று வேறு ஆய்வாளர்கள் வாதிட்டதும் உண்டு. எப்படிப் பார்த்தாலும், காட்டை வெட்டிவிட்டுக் கடலுக்கு நேராக வீடு கட்டக் கூடாது என்பதில் இரண்டு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இந்தக் காடே ஒரு காலத்தில் பாதி செத்த காடு. ஆங்கிலேயர் காலத்திலிருந்து பகுதி பகுதியாக வெட்டியதில், வெயில் பட்டு மண் தாழ்ந்து தொட்டி மாதிரி ஆகிவிட்டது. உள்ளே வந்த கடல் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் தேங்கி, வற்றி, உப்பு ஏறி, நாற்று பிடிக்கவில்லை. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டினார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள். ஏற்றத்தில் தண்ணீர் வந்து வற்றத்தில் திரும்பிப் போகத் தொடங்கியதும் மண்ணின் உப்புக் குறைந்தது, நட்ட கன்றுகள் பிழைத்தன. படகில் போகும்போது ஒரே உயரத்தில், வரிசை பிடித்து நிற்கும் மரங்களைப் பார்த்தால் அது மனிதர்கள் நட்டதாக இருக்கலாம். படகோட்டியிடம் கேளுங்கள்.

பரங்கிப்பேட்டையில் பார்க்க என்ன இருக்கிறது?

அவசரக்காரர்களுக்கு ஒன்றுமில்லை. வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில் மாலை நேரம் நிற்கப் பிடித்தவர்களுக்கு நிறைய இருக்கிறது. போர்ச்சுகீசியர் இதைப் போர்ட்டோ நோவோ, அதாவது புதுத்துறை என்றார்கள். நம்மவர்கள் பரங்கியர் இருந்த பேட்டையைப் பரங்கிப்பேட்டை ஆக்கினார்கள். 1781 ஜூலை 1 அன்று ஹைதர் அலியின் படையும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் மோதியது இந்த ஊர்ப் பக்கத்தில்தான். ஹைதருக்கு அது தோல்வி. 1830-களில் இங்கே ஓர் இரும்பு ஆலையும் நடந்தது.

வெள்ளாற்றங்கரையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் உள்ளது. அங்கே கடல் உயிரினங்களின் அருங்காட்சியகம் உண்டு. வேலை நாளில் அனுமதி கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளோடு வருபவர்கள் இதைத் தவறவிடக் கூடாது.

மாசி மகத்தன்று வரலாமா?

படகுக்காக என்றால் வேண்டாம், திருவிழாவுக்காக என்றால் அவசியம் வாருங்கள். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பூவராகப் பெருமாள் தீர்த்தவாரிக்குக் கிள்ளைக் கடற்கரைக்கு வருவார். வழியில் முஸ்லிம்கள் மாலையோடு வரவேற்று மரியாதை செய்வார்கள். இந்த வழக்கம் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. கூட்டத்தில் அதைப் பார்த்த என் அத்தை வருடா வருடம் அதைப் பற்றிப் பேசிக் கண் கலங்குவார். அன்று சாலையில் வண்டி நகராது. முந்தைய நாளே வந்துவிடுங்கள்.

குழந்தைகள், வயதானவர்களை அழைத்து வரலாமா? இறங்கிக் குளிக்கலாமா?

தாராளமாக அழைத்து வரலாம். தண்ணீர் பல இடங்களில் ஆள் உயரம்கூட இல்லை. ஆனாலும் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றக் கூடாது, படகில் எழுந்து நிற்கக் கூடாது. முழங்கால் வலி உள்ளவர்களை முதலில் ஏற்றி நடுவில் உட்கார வையுங்கள். துறையில் ஏறி இறங்குவதுதான் சிரமம். தொப்பி, ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் போதும். பாட்டிலைத் திருப்பி எடுத்து வந்துவிடுங்கள்.

இறங்கிக் குளிக்க வேண்டாம். சேறு காலைப் பிடித்துக்கொள்ளும், வேரில் ஒட்டியிருக்கும் சிப்பி கத்தி மாதிரி கிழிக்கும்.

முதலை இருக்கிறதா?

படகில் போகிற உப்பங்கழியில் நான் பார்த்ததில்லை. சிதம்பரத்துக்குத் தெற்கே பழைய கொள்ளிடக் கரைக் கிராமங்களில் உண்டு, அதுதான் இந்தக் கேள்விக்குக் காரணம். ஊருக்குள் வரும் முதலைகளை வனத்துறை பிடித்து வக்காரமாரி நீர்த்தேக்கத்தில் விடும். வழியில் ஆறு அழகாக இருக்கிறதே என்று அந்தப் பக்கம் மட்டும் இறங்கிவிடாதீர்கள்.

தண்ணீரில் நின்று இறால் பிடிப்பவர்களைப் படம் எடுக்கலாமா?

அவர்கள் பெரும்பாலும் இருளர் மக்கள். வலை இல்லாமல், கழுத்தளவு தண்ணீரில் சேற்றைக் கையால் தடவியே இறால் பிடிப்பார்கள். பெண்களும் பிடிப்பார்கள். மணிக்கணக்கில் நனைந்துகொண்டு செய்கிற வேலை. கேட்காமல் எடுக்காதீர்கள். படகை அருகில் விட்டுத் தண்ணீரைக் கலக்கினால் அவர்களுடைய அன்றைய பிடிப்பே கெட்டுவிடும், அதனால் தள்ளியே போகச் சொல்லுங்கள். விற்க வைத்திருந்தால் பேரம் பேசாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

படகோட்டிக்குத் தனியாக ஏதாவது தர வேண்டுமா?

கட்டாயமில்லை. நான் தருவேன். ஒரு மணி நேரம் ஆறு பேரை வைத்துத் துடுப்பு வலிப்பது சாதாரணமில்லை, திரும்பும்போது எதிர்க்காற்று வேறு அடிக்கும். கரைக்கு வந்த பிறகு கையில் கொடுங்கள். சில்லறை நோட்டாக வைத்திருங்கள்.